பூஜை போட்ட டயரில் காற்றை இறக்காதே என்றார்கள்

எங்கள் அண்ணனின் முதலாம் ஆண்டு நினைவு நாளுக்கு வந்து இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். “நல்லதா நாலு வார்த்தை எழுதிக் குடு” என்று அண்ணி கேட்டார். அண்ணனைப் பற்றி நல்ல வார்த்தைகள் என்னிடம் நிறையவே இருக்கின்றன. அவற்றோடு வேறு சிலவும் வரும். படித்துவிட்டு யாருக்காவது மனம் கசந்தால், அண்ணனுக்குப் பல வருடங்கள் கசந்தது என்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.

அண்ணன் பிறந்தது ரிங்லெட் ஊருக்கு மேலே, நாங்கள் இன்றும் குடியிருக்கும் தேயிலைத் தோட்டத்தின் கீழ் லயத்தில். அம்மா கொழுந்து எடுத்தார். அப்பாவுக்கு மருந்தடிக்கும் வேலை. நான் சிறுமியாக இருக்கும்போதே அப்பா காலமாகிவிட, பெரியப்பாதான் எங்களுக்குச் சோறு போட்டார். தோட்டத்துக் கோயிலுக்குத் தலைவரும் அவரே. அவர் பேச்சை அண்ணன் ஒருநாளும் தட்டியதில்லை.

படிப்பை நிறுத்தியதும் அண்ணன் தோட்டத்து லாரியில் ஏறிவிட்டார். ராணுவம் கழித்துப் போட்டதை ஏலத்தில் எடுத்த லாரி அது. அண்ணனைவிட அதற்கு வயது அதிகம். கொழுந்து மூட்டைகளை ஏற்றிக்கொண்டு செம்மண் பாதையில் இறங்கி, பிறகு தார் ரோட்டில் ஓடி ஆலைக்குப் போக வேண்டும். கதவின் உள்பக்கத் தகட்டில் டயருக்கு எவ்வளவு காற்று என்று ஓர் எண் அடித்திருக்கும். அது தார் ரோட்டுக்கு, முழு பாரத்துக்கு. அதே காற்றோடு சேற்றில் இறங்கினால் டயர் கல்லாக நின்று வழுக்கும். அதனால் மழை நாளில் மண் பாதை தொடங்கும் இடத்தில் நிறுத்தி, அறுபது பவுன் அழுத்தமாக இருப்பதை முப்பத்தைந்துக்குக் கொண்டுவருவார். டயர் கொஞ்சம் அகன்று மண்ணைப் பிடித்துக்கொள்ளும். மூட்டை ஏறியதும் பின்னால் மட்டும் ஐந்து பவுன் கூட்டுவார். அங்கே இரட்டை டயர், தளர்வாக இருந்தால் ஒன்றோடொன்று உரசும். தார் ரோட்டைத் தொட்டதும் பிரேக் காற்றுத் தொட்டியிலிருந்து குழாய் போட்டு மறுபடி முழுக் காற்றும் அடித்துக்கொள்வார்.

இதற்கெல்லாம் நேரம் பிடிக்கும். அவர் கொஞ்சம் தொல்லைதான், ஒப்புக்கொள்கிறேன். என் கல்யாணத்தன்று மாப்பிள்ளை வந்த காரின் டயரை மிதித்துப் பார்த்துவிட்டுத்தான் அவருக்கு மாலை போட்டார். “காத்துக்காரன்” என்று எல்லாரும் கேலி செய்தார்கள். அண்ணனும் கூடச் சேர்ந்து சிரிப்பார்.

இனி, கோபத்துக்கு வருகிறேன். ஒரு வருடம் ஆயுத பூஜைக்கு லாரியைக் கழுவி, வாழைக்கன்று கட்டி, டயருக்கெல்லாம் சந்தனம் குங்குமம் வைத்தார்கள். தளர்ந்த டயர் போட்டோவில் பார்க்க லட்சணமாக இருக்காது என்று பெரியப்பா ஆளை விட்டு எல்லாவற்றிலும் முழுக் காற்று அடிக்கச் சொன்னார். இரவு பெய்த மழை விடியும்வரை விடவில்லை. காலையில் எலுமிச்சம்பழத்தைச் சக்கரத்தடியில் வைக்கும்போது நானும் பக்கத்தில் நின்றேன்.

“பெரியப்பா, கீழ ஒரே சேறு. காத்த கொஞ்சம் எறக்கிட்டுப் போயிடறேன்” என்றார் அண்ணன்.

“பூஜ போட்ட டயருலயா காத்த எறக்குவ? மொத ஓட்டத்துல அது அபசகுனம்லா. நாளைக்கி எறக்கிக்க.”

“வளைவுல புடிக்காது பெரியப்பா.”

“சாமி பாத்துக்கும். நீ வண்டிய எடு.”

அண்ணன் வண்டியை எடுத்தார். இரண்டாவது வளைவில் லாரி வழுக்கித் தேயிலைச் செடிகளுக்குள் சாய்ந்தது. அண்ணனின் வலது கால் கதவுக்கடியில் மாட்டிக்கொண்டது. நாங்கள் ஓடிப் பார்த்தபோது குங்குமம் வைத்த சக்கரங்கள் மேலே தெரிந்தன. தோட்டத்துப் பட்டறையில் அப்போது வேலை பார்த்த சேகர், காற்று மீட்டரை வைத்துப் பார்த்தார். ஒவ்வொன்றிலும் முழுக் காற்று. மேனேஜரிடமும் அவரே போய் அதைச் சொன்னார்.

ஆனால் மேனேஜர் மருத்துவமனைக்கு வந்து என்ன நடந்தது என்று கேட்டதும் முந்திக்கொண்டு பதில் சொன்னவர் பெரியப்பா.

“இவன் எப்பவும் காத்த எறக்கி எறக்கி ஓட்டுவான் சார். எத்தன தடவ சொல்லியாச்சி. கேட்டாத்தானே.”

அண்ணன் காற்றை இறக்குவதை மேனேஜர் கண்ணாலேயே பார்த்திருக்கிறார். கோயில் தலைவர் வேறு சொல்கிறார். சேகர் சொன்னதை விட்டுவிட்டு இதை நம்பிவிட்டார். நான் வாயைத் திறந்தேன். அண்ணன் என் கையைப் பிடித்து, “விடு பாப்பா. சோறு போட்டவரு” என்றார். அந்தக் கோபம் இன்றும் ஆறவில்லை. சோறு போட்டதற்கு எங்களுக்கு நன்றி உண்டு. அந்தப் பொய்க்கும் சேர்த்து நன்றி சொல்ல என்னால் முடியாது.

அதன்பின் அண்ணனுக்கு லாரி இல்லை. நொண்டிக்கொண்டே ஆலையில் கொழுந்து வாட்டும் மாடிக்கு வேலைக்குப் போனார். கோலா தெர்லா பக்கம் ஒரு கல்யாண வீட்டில், “காத்தில்லாம ஓட்டி லாரிய கவுத்தவரு” என்று அவரை ஒருவர் இன்னொருவருக்கு அறிமுகம் செய்தார். அண்ணன் கைகூப்பி வணக்கம் சொன்னார். யார் வீட்டில் உடம்புக்கு முடியாதவர் இருந்தாலும் முதல் ஆளாகப் போய் நின்ற மனிதரை, இந்த ஒரு வரியில் அடக்கிவிட்டார்கள். கடைசியில் சிறுநீரகம் கெட்டுப் படுக்கையில் விழுந்தபோதும் அவர் யார்மீதும் ஒரு குறை சொல்லவில்லை. அவர் சொல்லாததை நான் சொல்லிவிட்டேன். அன்று அந்த டயர்களில் முழுக் காற்று இருந்தது. இறக்க விடாததுதான் குற்றம்.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் இருக்கிறார்கள். இராப்பகல் பாராமல் பார்த்துக்கொண்ட அண்ணிக்கு. ரத்தம் சுத்திகரிக்கப் போகும் நாட்களில் தங்கள் காய்கறி லாரியிலேயே அவரை ஏற்றிப்போன திரிங்காப் ஊர் நண்பர்களுக்கு. முக்கியமாகச் சேகருக்கு.

அண்ணனை எடுத்த அன்றும் மழை. காலையில் உடலுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டே பெரியப்பா துக்கத்துக்கு வந்த ஒருவரிடம் அதே காற்றுக் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். வாடகை வேன் இடுகாட்டு மண் பாதையில் ஏறவில்லை. சேகர் இப்போது தனக்கென்று வைத்திருக்கும் பழைய ராணுவ லாரியைக் கொண்டுவந்தார். மாலை கட்டி, பெட்டியை ஏற்றினார்கள். வயதைக் கருதிப் பெரியப்பாவையும் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார வைத்தார்கள். பெண்கள் நாங்கள் பாதை தொடங்கும் இடம்வரை போனோம்.

அங்கே சேகர் லாரியை நிறுத்தி இறங்கினார். ஒவ்வொரு டயராகக் குனிந்து காற்றை இறக்கினார். மேளக்காரர்கள் அடிப்பதை நிறுத்திவிட்டார்கள். சீறல் மட்டும் கேட்டது. மாலை போட்ட வண்டிதான் அதுவும். பெரியப்பா பக்கப் பலகையை இறுகப் பிடித்துக்கொண்டு, மேலே தெரியும் வளைவையே பார்த்தார். பிறகு குனிந்து, நாங்கள் எல்லாரும் கேட்கும்படி சொன்னார்.

“இன்னும் கொஞ்சம் எறக்குப்பா.”

லாரி எங்கும் வழுக்காமல் அண்ணனை மேலே கொண்டுபோய்ச் சேர்த்தது. அந்த ஒரு சொல்லுக்காக, பெரியப்பாவுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.