சரிகிற சதுரம்

கழற்றிய கண்டன்சரை முதலில் மூக்கருகே கொண்டுபோவாள் சுமலதா. மீட்டருக்கு வேலை அதற்குப் பிறகுதான். "கருவாட்டு வாடை அடிச்சா உள்ள காஞ்சிட்டு வருதுன்னு அர்த்தம்" என்பாள். பார்க்கிறவர்கள் முகம் சுளித்தால் அவளுக்கென்ன?

செஞ்சி பஸ் ஸ்டாண்டை ஒட்டிய சந்தில் அவளுடைய ஆம்ப்ளிஃபயர் ரிப்பேர் கடை. மேல்மலையனூர் அமாவாசை நெருங்கினால் சுற்றுப்பட்டு மைக் செட்டெல்லாம் அங்கே வந்து குவிந்துவிடும். இன்று அனந்தபுரம் ஆதிமூலம் கொண்டுவந்த பெட்டியில் பம்பை மேளத்தின் அடிக்குரலே எழும்பவில்லை.

"தகரத்த தட்ற மாரி இருக்குதும்மா" என்றார் அவர்.

சுமலதா பெட்டிக்குள் சதுர அலையை அனுப்பி, அலையைக் கோடாகக் காட்டும் ஸ்கோப்பின் திரையை அவர் பக்கம் திருப்பினாள். பச்சைக் கோடு செங்குத்தாக ஏறியது. ஏறிய இடத்தில் தட்டையாக நிற்காமல் சரிந்து வழிந்தது.

"கண்டன்சரு மாறுறத மட்டும்தாண்ணா அந்தப் பக்கம் விடும். ஏறினா விடும், எறங்கினா விடும். ஒரே மாரி நின்னா கொஞ்சங்கொஞ்சமா மறந்துடும். காஞ்சதுன்னா சீக்கிரமே மறந்துடும்."

புதியதைப் பற்றவைத்ததும் கோடு நிமிர்ந்தது. பாட்டைப் போட்டதும் பம்பை அதிர்ந்தது. ஆதிமூலம் பெட்டியோடு கிளம்பிப் போனார்.

அவள் புருஷன் சேரன் மஸ்கட்டில் லாரி ஓட்டுகிறான். மதியச் சாப்பாட்டு வேளைக்கு அவன் போன் தவறாது. "சாப்டியா?" "சாப்ட்டேன்." "சரி, வெக்கிறேன்." போன புதிதில் அந்த ஒரு சொல்லுக்கே அவளுக்குக் கண் நிறைந்துவிடும். மாசித் தேருக்கு வருகிறேன் என்றவன் வரவில்லை. மறு தேருக்கும் வரவில்லை. பிறகு வருகிற பேச்சே நின்றுபோயிற்று. அவளுக்குக் கோபம்கூட இல்லை, ஏக்கம்தான். போனில் வருகிற குரலை வைத்துக்கொண்டு என்ன செய்வது? வாசலில் செருப்பை உதறிவிட்டு உள்ளே வருகிற ஆள் வேண்டும் அவளுக்கு.

அவள் சாப்பிட்டுக் கை கழுவி உட்கார்ந்தபோது போன் அடித்தது.

"சாப்டியா?"

சுமலதா அணைந்திருந்த ஸ்கோப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சாப்டல."

அந்தப் பக்கம் லாரியின் உறுமல் நின்றது.

"ஏன்? இன்னா ஆச்சு, சுமா?"

சுமா என்று அவன் கூப்பிட்டு வெகுநாளாகியிருந்தது. "சொல்லு, இன்னா ஆச்சு?" என்று மறுபடி கேட்டான். அவள் போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு, வழித்துத் தின்ற டிபன் பாக்ஸின் மூடியை அவனுக்குக் கேட்டுவிடாதபடி மெல்ல அழுத்தி மூடினாள்.