வரி ஏற்றச் சொன்ன பொம்மைக்காரர்

ஆண்டிபட்டியில் பிளாஸ்டிக் பொம்மைப் பட்டறை வைத்திருந்தார் அவர். குள்ளமான, உருண்டையான மனிதர். எந்தப் பொம்மையை எடுத்தாலும் முதலில் கவிழ்த்து, எந்த நாட்டுச் சரக்கு என்று அடியில் பார்ப்பார். வெளிநாட்டுப் பொம்மைக்கு அரசாங்கம் இறக்குமதி வரியை ஏற்றியபோது, தேனி பஜாரில் எங்களுக்கெல்லாம் அல்வா கொடுத்தார், நிஜ அல்வாதான்.

அப்புறம் ஒருநாள் தபால் நிலையத்தில் அவரைப் பார்த்தேன். வீட்டு அலமாரியில் அடுக்கிவைக்க, ஜப்பானிலிருந்து பழைய தகர ரயில் ஒன்றை வரவழைத்திருந்தார். கிட்டத்தட்ட அதன் விலை அளவுக்கே வரி கட்டச் சொன்னார் கவுண்டரில் இருந்த அம்மாள். பொம்மைக்காரர் எகிறிக் குதித்தார்.

“வரியை ஏத்தச் சொல்லி மனு எழுதி, இங்கனதானண்ணே பதிவுத் தபால்ல போட்டீக?” என்றார் அம்மாள்.

“அது பிள்ளைக விளையாடுற சாமானுக்கு, ஆத்தா! என் சாமானுக்கா போடச் சொன்னேன்?”

வரிசையே சிரித்தது. கடைசியில் கட்டினார். வெளியே வந்து பெட்டியைப் பிரித்தவரிடம், “இதே மாதிரி ரயிலை நீங்களே செய்யலாம்லண்ணே?” என்று கேட்டேன்.

ரயிலைத் துண்டால் துடைத்துக்கொண்டே யோசித்தார்.

“செய்யலாம் தம்பி. ஆனா நான் செஞ்சதை எவன் அலமாரியில வைப்பான்? நானே வைக்க மாட்டேன்.”

தன் சரக்கைப் பற்றி இவ்வளவு உண்மையாகப் பேசிய வேறொரு வியாபாரியை நான் இதுவரை பார்க்கவில்லை.