கடைமடைக்கு முதல் தண்ணீர்

செய்தி நார்வேயிலிருந்து மின்னஞ்சலில் வந்தது. இரண்டே வரி. அத்தை தூக்கத்திலேயே போய்விட்டார் என்று இங்கெரின் அண்ணன் மகள் எழுதியிருந்தார். நான் திருச்சிப் பேருந்தில் இருந்தேன். கீரனூரில் இறங்கிவிட்டேன். நான் இறங்க வேண்டிய ஊர் அதுவல்ல.

பேராசிரியர் இங்கெரை உங்களில் பலர் அறிவீர்கள். முப்பது ஆண்டுகளுக்கு முன் திருக்கோகர்ணத்தில் அறை எடுத்துத் தங்கியவர். டவுன் பஸ்ஸில் தமிழ் கற்றவர். அன்னவாசலுக்குப் பக்கத்தில் இருக்கும் ஒரே ஒரு கண்மாயைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். அதுதான் அவரைப் பேராசிரியர் ஆக்கியது. அதைத் தமிழாக்கும் வேலையில்தான் எங்கள் பழக்கம் தொடங்கியது.

நான்காம் அத்தியாயம். கண்மாய்த் தண்ணீரை வயல்களுக்குப் பாய்ச்சும் சின்னையா அவரிடம் சொல்கிறார்: மழை குறைந்த ஆண்டில் முதல் தண்ணீர் கடைமடைக்கு, அதாவது வாய்க்காலின் கோடியில் இருக்கும் வயல்களுக்கு. கரையோர வயல்களுக்கு அதன் பிறகுதான். இங்கெர் நம்பவில்லை. 'இது நடந்ததல்ல, நடந்திருக்க வேண்டும் என்று இவர் விரும்புவது' என்று எழுதினார். ஊர்கள் தங்களை உள்ளதைவிட நல்லவையாக நினைவு வைத்துக்கொள்கின்றன என்பது புத்தகத்தின் வாதம். அந்த வாதத்தின் அச்சாணி சின்னையா.

மடை பற்றிய சில சொற்களைச் சரிபார்க்கச் சின்னையாவிடம் போனேன். தன்னைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார். வாசித்துக் காட்டினேன்.

"அப்ப நான் பொய் சொன்னேன்னு புக்குல போட்டுருக்கா?"

நான் புத்தகத்தை மூடினேன்.

"என் பேச்ச நம்பித்தான் தம்பி இந்த ஊரு தண்ணி பாய்ச்சுது."

இங்கெருக்கு எழுதினேன். அன்றே பதில். 'அவர் உயிரோடு இருக்கிறாரா? வருகிறேன்.'

இங்கெர் வந்தார். எழுபத்தாறு வயது. கைத்தடி. அந்த ஆண்டு ஐப்பசி மழை பொய்த்திருந்தது. கண்மாயில் பாதித் தண்ணீர்கூட இல்லை. மடை திறந்த காலையில் கரைமேல் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். தண்ணீர் கரையோர வயல்களுக்குள் நுழையாமல் வாய்க்காலோடு கடந்து போனது. அந்த வயல்காரர்கள் வரப்பில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர்கூட மண்வெட்டியைத் தொடவில்லை.

"இவங்களுக்கு?" என்றார் இங்கெர்.

"கரைக்குக் கீழ உள்ள வயலுக்கு ஊத்துக் கசியும்ங்கம்மா. ஒரு வாரம் தாங்கும்," என்றார் சின்னையா. "அங்கிட்டு கோடியில கெடக்குறவனுக்கு என்ன இருக்கு?"

இங்கெர் எதையும் குறித்துக்கொள்ளவில்லை. நோட்டு மடியில் மூடியே இருந்தது. அவர் எழுதாமல் உட்கார்ந்து நான் பார்த்தது அன்று மட்டும்தான்.

மறுநாள் ஊர்க்கூட்டம். கைத்தடியை ஊன்றி எழுந்து நின்றார். "சின்னையா என்கிட்ட உண்மை சொன்னாருங்க. நான் அதப் பொய்னு எழுதினேன். என் புத்தகம் தப்பு."

பின்னாலிருந்து ஒரு குரல்: "இதச் சொல்லவா இம்புட்டுத் தூரம் வந்தீங்க? அவருக்குப் போன் போட்டுருக்கலாம்ல?" எல்லோரும் சிரித்தார்கள்.

இங்கெரும் சிரித்தார். "போன்ல சொன்னா அவருக்கு மட்டும்தானே கேக்கும்."

சின்னையா எழுந்து வந்து நாற்காலியை அவர் பக்கம் நகர்த்தினார். "உக்காருங்கம்மா. முட்டி நோகப்போகுது."

தமிழ்ப் பதிப்பில் அந்தப் பத்தியைச் சத்தமில்லாமல் நீக்கிவிடலாம் என்றேன். 'வேண்டாம்' என்றார். 'அப்படியே இருக்கட்டும். அதன் கீழே சின்னையா சொன்னது சரி என்று போடுங்கள். என் பெயரையும் போடுங்கள்.' ஊர் திரும்பியதும் முழுப் புத்தகத்தையும் முதல் வரியிலிருந்து திருத்தி எழுதத் தொடங்கினார். இரண்டாம் அத்தியாயம் முடியவில்லை.

நிறையப் படித்தவர்களைப் பல்கலைக்கழகத்தில் பார்த்திருக்கிறேன். தன் பெயர் நின்ற இடத்தைத் தன் கையாலேயே பிரித்துப்போட்ட ஒருவரை வேறெங்கும் பார்த்ததில்லை. இன்றும் மலைப்பாக இருக்கிறது.

யாருக்குத் தவறிழைத்தோமோ அவர் முன்னால் போய் நிற்பது. இங்கெரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது இது ஒன்றுதான்.

சென்ற ஞாயிறு சின்னையாவிடம் செய்தி சொல்லப் போனேன். "அந்தப் பனியில எப்புடித் தம்பி குழி வெட்டுவாங்க?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. பிறகு இதைச் சொன்னேன்: அந்தப் பத்தியை முதலில் வாசித்தபோது நானும் புத்தகத்தைத்தான் நம்பினேன். உங்களை அல்ல.

"தெரியும் தம்பி," என்றார். "படிச்சுக் காட்டுறப்ப நீங்க என் மொகத்தப் பாக்கவே இல்ல."