ஈ மொய்க்காத பால்

கடையில் பால் பெட்டி வாங்கினால், இப்போதும் அதன் ஆறு பக்கங்களையும் வாசித்த பிறகுதான் வீட்டுக்குள் கொண்டுவருவேன். முடிவுத் திகதியை இரண்டு தரம் பார்ப்பேன். எழுத்து அழிந்திருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுவேன். "அப்பா, இது பால். சோதினைப் பேப்பர் இல்லை" என்று மகள் சலித்துக்கொள்வாள். பழைய வீட்டு வளவில், வைரவர் சாமி இருந்த மரத்தடியில் ஏழு வயதில் பார்த்ததை அவளுக்கு எப்படிச் சொல்வது என்று இன்னும் தெரியவில்லை.

யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, கிளிநொச்சிப் பக்கம் குடியேற்றத் திட்டத்தில் காணி பெற்ற குடும்பம் எங்களுடையது. தங்கச்சி கைக்குழந்தை. அம்மாவுக்குப் பால் வற்றிவிட்டதால் அவள் எங்கள் மாட்டுப் பாலில்தான் வளர்ந்தாள். வீட்டுத் தேவைக்கு மேற்பட்டதை, அம்மாவின் தம்பியான சின்னமாமா சந்தித் தேநீர்க் கடைக்குக் கொண்டுபோவார்.

மாமா எதையும் எறிய மனம் வராதவர். ஒருநாள் வயலிலிருந்து ஒரு தகரக் கலனைத் தூக்கி வந்தார். நெல்லுக்கு அடிக்கிற மருந்து வந்த கலன். மூடி நல்ல இறுக்கம். வெளியே ஒட்டியிருந்த தாளில் மண்டையோடும் இரண்டு எலும்புகளும் இருந்தன.

"சுடலைப் படத்தோடை பால் கொண்டுபோகேலுமே?" என்று வெந்நீர் ஊற்றித் தாளை உரித்தார். சாம்பலும் புளியும் மணலும் போட்டுத் தேய்த்தார். வெயிலில் காயவைத்தார். கடைசியில் மஞ்சள் பூசி, திருநீற்றில் மூன்று குறி இழுத்து, நடுவில் சந்தனப் பொட்டும் வைத்தார். கோயிலுக்குப் புறப்பட்ட பெரியவர் மாதிரி இருந்தது கலன்.

அம்மா முகர்ந்து பார்த்தார். "ஏதோ மணக்குது தம்பி."

"தகரம் அக்கா. மணக்காமல் என்ன செய்யும்?"

மறுநாள் காலை கறந்த பால் முழுவதையும் மாமா அந்தக் கலனில் விட்டார். புதுப் பாத்திரத்தில் விட்ட பால் முதலில் வைரவருக்கு, அடுத்து விற்பனைக்கு, அதன் பிறகே வீட்டுக்கு. அது எங்கள் வழக்கம். மாமா வைரவர் மரத்தடியில் இருந்த தேங்காய்ச் சிரட்டையில் கொஞ்சம் ஊற்றினார். தங்கச்சி பசியில் வீரிட்டாள். "கடைக்குக் குடுத்திட்டு மிச்சத்தோடை ஓடியாறன், அதுவரைக்கும் பொறுங்கோ அக்கா" என்று என்னையும் சைக்கிளில் ஏற்றிக்கொண்டார்.

கடையில் சுகாதாரப் பரிசோதகர் இருந்தார். மேசையில் மூன்று பேருடைய பால் ஏற்கெனவே வரிசையாக இருந்தது. நாலாவதாக எங்களுடையது. அவர் ஒவ்வொன்றிலும் பால்மானியை இறக்கினார். தண்ணீர் கலந்திருந்தால் அது தாழும்.

"போன மாசம் உங்கடை குழாய் என்ரை பாலிலை என்னமாய் நீச்சல் அடிச்சது ஐயா" என்றார் கடைக்காரர்.

"நீச்சலோ? அது அடியிலை தாண்டு போனது. நான்தான் கரை சேர்த்தனான்" என்றார் பரிசோதகர்.

எல்லோரும் சிரித்தார்கள். எங்கள் பாலில் பால்மானி நிமிர்ந்து நின்றது. "நல்ல பால்" என்று பரிசோதகர் பேனையைத் திறந்தார்.

எனக்கு எதைக் கண்டாலும் எண்ண வேண்டும். நான் ஈக்களை எண்ணிக்கொண்டிருந்தேன். முதற் பாத்திரத்தில் பதினொன்று. அடுத்ததில் ஒன்பது. மூன்றாவதில் எண்ணி முடியவில்லை.

"மாமாவின்ரை கலனிலை ஒரு ஈயும் இல்லை!" என்றேன் பெருமையாக.

பேனை நின்றது. மற்றப் பாத்திரங்களின் ரீங்காரம் மட்டும் கேட்டது. அந்த நேரம் ஓர் ஈ எங்கள் கலனின் விளிம்பில் வந்து இருந்தது. கால்களைத் தேய்த்தது. பிறகு தேய்ப்பதை நிறுத்திவிட்டது. எழும்பவேயில்லை.

பரிசோதகர் குனிந்து மஞ்சளை நகத்தால் சுரண்டினார். அடிப்பக்கத்தில், உரிபடாத தாள் துண்டு ஒன்று. அதில் ஒரு வரிசைப் பற்கள் மட்டும் இருந்தன. ஆறு பற்கள். கலன் இவ்வளவு நேரமும் மஞ்சளுக்குள் சிரித்துக்கொண்டிருந்ததாக எனக்குப் பட்டது.

"இதை ஆரும் குடிச்சதோ?"

"இல்லை ஐயா. இனித்தான்... பிள்ளைக்கு..." என்றார் மாமா.

கடையின் பின்னால் குழி வெட்டிப் பாலைப் புதைத்தார்கள். கலனை அலவாங்கால் குத்தித் துளைத்தார்கள். ஒரு துளி சிந்தினாலே கத்துகிற மாமாதான் குழியை மண் போட்டு மூடினார். வீட்டுக்கு வந்ததும் கிணற்றடியில் போய்க் குந்தியவர், அம்மா கூப்பிட்டும் எழும்பவில்லை.

நான் வைரவரிடம் போனேன். சிரட்டையில் பால் அப்படியே இருந்தது. அதைச் சுற்றி எறும்புகள் வட்டம் கட்டி, தலைகளைப் பாலின் பக்கம் நீட்டியபடி கிடந்தன. எண்ணத் தொடங்கினேன். எறும்பை ஒருநாளும் எண்ணி முடிக்க இயலாது, ஓரிடத்தில் நிற்காது. அன்று எண்ணி முடித்தேன்.

"அம்மா, ஓடி வாங்கோ! எறும்பெல்லாம் வைரவரைக் கும்பிடுது!"

அம்மா தங்கச்சியை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தார். சிரட்டையைப் பார்த்தார். கிணற்றடியில் இருந்த மாமாவைத் திரும்பிப் பார்த்தார். பிறகு தங்கச்சியை நெஞ்சோடு இறுக்கினார். அவள் நோவில் கத்தினாள். அம்மா கையைத் தளர்த்தவில்லை.

எறும்புகளின் பக்தியைக் கண்டு அம்மா உருகிவிட்டார் என்று நினைத்தேன். நானும் அவற்றுக்குப் பின்னால், அவற்றைப் போலவே அசையாமல், கைகூப்பி நின்றேன்.