ஒரு பக்கம் முழுக்க ஒரே பாட்டு

இது உண்மைக் கதை. நம்ம கிராட்லி ஹீத்தில், ஒரு புதன்கிழமை, பட்டப்பகலில் நடந்தது. யாருக்கு நடந்ததோ அந்த நெவில் டிராண்டர் இதோ சுவரோரம் உட்கார்ந்து, அறுபதாவது பிறந்தநாளுக்கு நாம் வாங்கிக் கொடுத்த பீரை உறிஞ்சிக்கொண்டிருக்கிறான். பக்கத்தில் அவன் மனைவி கிளெனிஸ். எதிரே அவன் சித்தப்பா மகன் மால்கம். காது போய்விட்டதால் பேசுகிறவர்கள் வாயையே பார்த்துக்கொண்டிருக்கிறான். மூன்று சாட்சிகளை வைத்துக்கொண்டு பொய் சொல்ல முடியுமா?

முடியும். கொஞ்சம் சொல்லத்தான் செய்வேன். நுரை இல்லாமல் பீர் ஊற்றினால் நீங்களே காசைத் திருப்பிக் கேட்பீர்கள். கதையில் வருகிற பாட்டு இருபத்திரண்டு நிமிடம். போன கிறிஸ்துமஸுக்குச் சொன்னபோது அது முப்பதாக இருந்தது, இன்றைக்கு எங்கே போய் நிற்கும் என்று எனக்கே தெரியாது. மற்றதெல்லாம் அப்படியே நடந்தது.

எழுபத்திரண்டாம் வருஷம், பிப்ரவரி. நெவிலுக்கு வயது பதினேழு. ஆள் ஒல்லி என்றால் அப்படி ஒரு ஒல்லி. மழை பெய்தால் இரண்டு துளிக்கு நடுவே நனையாமல் நடந்து போவான். அவன் அப்பா ஆமோஸ் அதற்கு நேர் எதிர். சங்கிலிப் பட்டறையில் முப்பது வருஷம் சம்மட்டி பிடித்தவர். கப்பல் நங்கூரத்துக்கு வளையம் வளையமாக அடிப்பார்கள். ஒரு வளையம் ஒரு கன்றுக்குட்டி கனம். அவர் விரல்கள் சம்மட்டிப் பிடி அளவுக்கே மடங்கிப் போயிருந்தன. டீக் கோப்பையைப் பிடித்தாலும் அடிக்கப்போகிறார் போலத்தான் இருக்கும். பட்டறையின் பெரிய சம்மட்டி விழும்போதெல்லாம் ஊரில் அத்தனை வீட்டு அலமாரியிலும் தட்டுகள் ஒரு அங்குலம் நகரும். வாரக் கடைசியில் பெண்கள் அவற்றைத் திரும்பத் தள்ளி வைப்பார்கள்.

பட்டறையில் வருஷத்துக்கு ஒரே ஒரு பையனைத்தான் தொழில் பழக எடுப்பார்கள். மேலாளர் முன்னால் அப்பனும் மகனும் சேர்ந்து நின்று கையெழுத்துப் போட வேண்டும். ஆமோஸின் அப்பா போட்டார், ஆமோஸ் போட்டார். இந்த வருஷ இடம் நெவிலுக்கு. அந்தப் புதன்கிழமை மத்தியானம் இரண்டரை மணி.

“அஞ்சு வருஷம்டா. கண்ண மூடித் திறக்கறதுக்குள்ள போயிடும்,” என்றார் ஆமோஸ், காலை டீயில் ரொட்டியை முக்கிக்கொண்டே.

“அப்புறம்?”

“அப்புறம் என்ன, அம்பது வருஷம்!” சொல்லிவிட்டு அவரே சிரித்தார். நெவிலுக்குச் சிரிப்பு வரவில்லை. அவனுக்கு அன்றைக்குக் காலையிலிருந்தே கழுத்துப் பட்டன் இறுக்கிக்கொண்டிருந்தது. பட்டனை அவன் போடவே இல்லை என்பது வேறு விஷயம்.

தெருவில் மால்கம் காத்துக்கொண்டிருந்தான். அவனுக்குப் பதினாறு வயது. அப்பா இல்லாத பையன்; அம்மாவோடு இரண்டு வீடு தள்ளி இருந்தான். அவன் காதைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். இன்றைக்கு நாம் கத்தினாலும் கேட்காத அதே காதுதான். அப்போதெல்லாம் மூன்றாவது தெருவில் ரேடியோ போட்டால் எந்த வீட்டு ரேடியோ என்று சொல்வான். புராக்ரஸிவ் ராக் என்ற புது மாதிரி இசையின் பேரையே ஊருக்குள் முதலில் கொண்டுவந்தது அவன்தான். இளைஞர் சங்கத்தில் யாரோ போட்டதைக் கேட்டுவிட்டு மூன்று நாள் சாப்பிடாமல் திரிந்தான். சரி, ஒரு வேளை.

“டேய் நெவில், பிஸ்ஸல் கடைக்கு அந்த இசைத்தட்டு வந்திருக்குடா.”

“எந்தத் தட்டு?”

“அட்டைல ஒரு படிக்கட்டு கடலுக்குள்ள இறங்கிப் போகும் பாரு, அது. ஒரே ஒரு பாட்டு கேளு. கேட்டுட்டு எங்க வேணா போய்க் கையெழுத்துப் போடு.”

“இன்னிக்காடா? ரெண்டரைக்கு அப்பா கேட்ல நிப்பாரு.”

“ஒரு பாட்டுதானடா! உங்கப்பா மூக்குச் சிந்தறதுக்குள்ள முடிஞ்சிடும்.”

நெவிலுக்குத் தெரிந்த பாட்டெல்லாம் மூன்று நிமிடப் பாட்டு. காதலி வருவாள், போவாள், கிடார் அழும், முடிந்தது. ஆகவே ஒரு பாட்டு என்றால் மூன்று நிமிடம் என்று கணக்குப் போட்டுக்கொண்டு போனான்.

புதன்கிழமை நம்ம ஊர்க் கடைகளுக்கு அரை நாள். ஒரு மணிக்கு எல்லாம் மூடிவிடும். நெவில் போனபோது மணி பன்னிரண்டே முக்கால். மிஸ்டர் பிஸ்ஸல் சாயங்காலத்துக்கான பன்றி இறைச்சிப் பண்டத்தைக் காகிதத்தில் சுற்றிக் கல்லாவின் மேல் வைத்திருந்தார். அவருக்கு இசைத்தட்டு விற்கத்தான் பிடிக்கும், அதில் இருக்கிற சத்தம் பிடிக்காது. அதனால் தட்டைக் கல்லாப் பக்கம் சுழல விட்டு, சத்தத்தை மட்டும் கடைக்குப் பின்னால் ஒரு மரக் கூண்டுக்குள் கம்பி வழியே அனுப்பிவிடுவார். கேட்கிறவன் கூண்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்ள வேண்டும். உள்ளே நாலு பக்கமும் பஞ்சு அடைத்த பலகை. உள்ளே பீரங்கி வெடித்தாலும் வெளியே பிஸ்ஸல் நிம்மதியாக மூக்குப்பொடி போடலாம்.

“ஒரு ஆளுக்கு ஒரு பாட்டு. அதுக்கு மேல கேட்கணும்னா வாங்கிக்கோ,” என்றார் பிஸ்ஸல். “உள்ள ஏற்கனவே ஒரு பொண்ணு அதே தட்டுக்குத்தான் நிக்குது. போன வாரமும் வந்துச்சு, வாங்கின பாடில்ல. ரெண்டு பேரும் ஒண்ணாவே கேளுங்க. நிலக்கரிச் சுரங்கத்துக்காரன் வேலை நிறுத்தத்துல கரண்டே கண்ணால பார்க்க முடியல.”

அந்தப் பெண்தான் கிளெனிஸ். தேவாலயத்தில் ஆர்கன் வாசிக்கிறவருடைய மகள். கூண்டுக்குள் பலகையில் சாய்ந்துகொண்டு நின்றாள். ஒருத்தர் மூச்சு விட்டால்தான் இன்னொருத்தர் மூச்சு இழுக்க இடம் இருக்கும்.

பாட்டு ஆரம்பித்தது. அதாவது, காற்று மாதிரி ஒரு ஆர்கன் ஊதிக்கொண்டே இருந்தது. நெவில் ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாறினான்.

“பாட்டு எப்போ ஆரம்பிக்கும்?”

“ஆரம்பிச்சு ரெண்டு நிமிஷம் ஆச்சு. பேசாம இரு.”

அப்புறம் முரசு வந்தது. நெவில் பட்டறைக்காரன் மகன். தாளம் அவனுக்கு ரத்தத்தில் உண்டு. ஒன்று, இரண்டு, மூன்று என்று காலால் தட்டினான். ஏழு வரை வந்தது, எட்டைக் காணோம். இருட்டில் இல்லாத படியில் கால் வைத்தது போல விழப்போனான். மறுபடி தட்டினான், மறுபடி அதே இடத்தில் எட்டைக் காணோம். பக்கத்தில் கிளெனிஸ் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தாள். மூன்றாவது தடவை அவன் எட்டைத் தேடவில்லை. ஏழிலேயே திரும்பி ஒன்றுக்குத் தாவினான். அப்போது உள்ளே ஏதோ ஒரு தாழ்ப்பாள் விலகியது.

மூன்று நிமிடம் போயிற்று. கிளம்ப வேண்டும் என்று நினைத்தான். சரி, இந்த இடம் முடியட்டும். அந்த இடம் முடியவில்லை. ஒரு புல்லாங்குழலுக்குள் நுழைந்தது. புல்லாங்குழல் முடிந்ததும் எல்லாம் அடங்கி, ஒரே ஒரு மணி அடித்தது. அப்பாடா, முடிந்தது என்றான். மணிக்குப் பின்னாலிருந்து வாத்தியக்காரர்கள் நாலு பேரும் சேர்ந்து ஏறி வந்தார்கள். முதலில் கேட்ட காற்று இப்போது புயலாக வந்தது. அவனுக்குத் தெரிந்த இடந்தான், ஆனால் வேறு ஊர்போல இருந்தது.

இதற்கிடையில் வெளியே பிஸ்ஸலும் அதே கணக்குத்தான் போட்டார். ஒரு பாட்டு, மூன்று நிமிடம். பின்கட்டில் தொப்பியை மாட்டிக்கொண்டு வந்தபோது மணி ஒன்று. பிள்ளைகள் எப்போதோ போயிருக்கும், சொல்லிக்கொள்ளாமல் போவதுதானே இந்தக் காலத்துப் பிள்ளைகள் என்று முணுமுணுத்தார். கல்லாப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காமல் திரையை இறக்கினார். ஒரு சொட்டு கரண்ட் வீணாகக்கூடாது என்று மெயின் சுவிட்சைக் கீழே இழுத்தார். வீட்டுக்குப் போய்விட்டார்.

கூண்டுக்குள் புயல் உச்சிக்கு ஏறிக்கொண்டிருந்த நேரத்தில், நாலு பேரும் சேர்ந்து குடித்துவிட்டது போலக் குரல் குழறி, தொண்டை இறங்கி, செத்துப்போனார்கள். விளக்கும் அணைந்தது.

“முடிஞ்சிடுச்சா?” என்றான் நெவில்.

“இல்ல. இன்னும் ஆறு நிமிஷம் இருக்கு.”

அப்போதுதான் அவனுக்குப் பட்டறை ஞாபகம் வந்தது. கதவைத் தள்ளினான். அசையவில்லை. தோளால் இடித்தான். முட்டியால் இடித்தான். கிளெனிஸையும் தள்ளச் சொன்னான். இரண்டு பேரும் சேர்ந்து தள்ளினார்கள். கூண்டு முழுவதும் இரண்டடி நகர்ந்தது என்று சொல்வேன், நீங்கள் நம்பாவிட்டால் இரண்டு அங்குலம். கத்தினான். கத்தியது பஞ்சுக்குள் போய் அங்கேயே தங்கிவிட்டது.

“கத்தாதே,” என்றாள் கிளெனிஸ். “சத்தம் வெளிய போகக்கூடாதுன்னுதானே இதைக் கட்டியிருக்கான்.”

“ரெண்டரைக்கு நான் கையெழுத்துப் போடணும்! ஒரே ஒரு இடம்! எங்கப்பா என்னைச் சங்கிலில கோத்துடுவாரு!”

அவன் பையில் மூன்று தீக்குச்சி இருந்தது. கிளெனிஸ் கையில் கடிகாரம் இருந்தது. முதல் குச்சி: ஒன்று பத்து. இரண்டு பேரும் இன்னும் கொஞ்சம் இடித்தார்கள். வியர்த்துக் கொட்டியது. காற்று கெட்டியாகிக்கொண்டே வந்தது. இரண்டாவது குச்சி: ஒன்று ஐம்பது. இடிப்பதை நிறுத்தி மூச்சு வாங்கியபோதுதான் ஒன்று கவனித்தான். சம்மட்டிச் சத்தம் கேட்கவில்லை. பிறந்ததிலிருந்து ஒரு நாள்கூட அந்தச் சத்தம் இல்லாமல் அவன் பகலைப் பார்த்ததில்லை. காதைத் தேய்த்துப் பார்த்தான். தன் நெஞ்சு அடிப்பதுதான் கேட்டது, அதுவும் ஏழு ஏழாக.

“மிச்சம் ஆறு நிமிஷம் எப்படிப் போகும்?” என்றான் மெதுவாக.

கிளெனிஸ் வாயால் வாசித்தாள். ஆர்கனுக்கு மூக்கு, முரசுக்குப் பலகை, கிடாருக்குப் பல். புல்லாங்குழலுக்கு உதட்டைக் குவித்து விசில். புயல் உச்சியில் உடைந்து, கடைசியில் முதலில் வந்த அதே காற்று ஒற்றையாக நிற்கும். அது நிற்கும் இடத்தில் அவளும் நின்றாள்.

மூன்றாவது குச்சி: இரண்டு முப்பத்தைந்து.

குச்சி விரலைச் சுடுகிற வரைக்கும் நெவில் அதைப் பிடித்துக்கொண்டிருந்தான். அழப்போகிறான் என்று கிளெனிஸ் நினைத்தாள். அவன் தரையில் உட்கார்ந்து முழங்காலைக் கட்டிக்கொண்டு சொன்னான்:

“அந்தப் புல்லாங்குழல் வர்ற இடம், இன்னொரு தடவை.”

நாலு மணிக்குப் பிஸ்ஸலுக்குக் கல்லா மேல் விட்டுவந்த இறைச்சிப் பண்டம் ஞாபகம் வந்தது. கடைக்குத் திரும்பி ஓடிவந்தார். கூண்டுக் கதவோரம் போனபோது உள்ளே யாரோ விசிலடிப்பது போல மெலிதாகப் பட்டது. பேய்தான் என்று கையில் விளக்குமாற்றோடு கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே பாய்ந்தார். நெவிலின் மூக்கில் இன்றைக்கும் கோணல் இருக்கிறதே, அந்தக் கதவு பட்டதுதான்.

பட்டறையில் என்ன நடந்தது? ஆமோஸ் கேட்டில் நின்றார். இரண்டரை ஆயிற்று. பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு மேலாளர் சொன்னார், “உன் பையன் இல்லேன்னா வேற வீட்டுப் பையன். இன்னிக்கு முடிஞ்சாகணும்.” மூன்று தலைமுறை இடம். ஆமோஸ் தெருவைப் பார்த்தார். எதிர்ப்பக்கம் மால்கம் விளக்குக் கம்பத்தில் சாய்ந்துகொண்டு நின்றான். பாட்டு எப்படி இருந்தது என்று நெவில் வந்து சொல்வான் என்று காத்திருந்தான். ஆமோஸ் தெருவைக் கடந்து, தம்பி மகனைச் சட்டைக் காலரில் பிடித்தார். கையெழுத்துப் போட்டான் மால்கம், பெரியப்பா கை தோளில் இருக்க.

ஐந்து வருஷம். அப்புறம் பட்டறை மூடுகிற வரைக்கும் இருபத்தாறு வருஷம். பத்தாவது வருஷமே ஒரு காது போயிற்று, பதினாறாவது வருஷம் இன்னொன்று. நெவில் ரொட்டி வண்டி ஓட்டினான். நெதர்ட்டனிலிருந்து ஓல்ட் ஹில் வரைக்கும் போக வர, கேசட்டில் பிடித்துவைத்த அந்தத் தட்டின் இரண்டு பக்கமும் சரியாக இருக்கும். அந்தப் பாட்டு முடியாமல் யாருக்கும் ரொட்டி கொடுக்க மாட்டான். கிளெனிஸைக் கட்டிக்கொண்டான். அந்தத் தட்டைத் தேய்த்துத் தேய்த்து மூன்று முறை புதிது வாங்கினான். அவ்வளவுதான், கிளாஸைத் தூக்குங்கள், நெவிலுக்கு…

“நில்லு,” என்றான் மால்கம். காது கேட்காதவன் பேச்சு, கூடம் முழுக்க அதிர்ந்தது. “பிஸ்ஸல் கதவை என்ன பண்ணினான்னு சொன்ன?”

“தள்ளிட்டு உள்ள வந்தாரு,” என்றேன் நான்.

“வெளியிருந்து தள்ளினாரா?”

“ஆமா.”

மால்கம் நெவிலைப் பார்த்தான். “அப்படின்னா உள்ள இருந்து இழுக்கணும்டா. மூணு மணி நேரம் தள்ளிக்கிட்டா இருந்த? இழுத்திருந்தா ரெண்டரைக்கு முன்னாடியே நீ வாசல்ல நின்னிருப்ப! என் காது எங்கிட்ட இருந்திருக்கும்! அந்தப் பாட்டை நான் கேட்டே இருபத்தேழு வருஷம் ஆச்சுடா!”

“யாரைப் பார்த்துக் கத்தற?” கிளெனிஸ் எழுந்தாள். “ஒரு பாட்டு, ஒரு பாட்டுன்னு அனுப்பினது யாரு? இருபத்திரண்டு நிமிஷம்னு ஒரு வார்த்தை சொன்னியா நீ?”

“சொன்னா அவன் போயிருக்கவே மாட்டானே!”

“அதான்! அப்போ வாயை மூடு!”

நெவில் கிளாஸைக் கீழே வைத்தான். மனைவியை ஏதோ புதிதாகப் பார்ப்பது போலப் பார்த்தான்.

“கிளெனிஸ், அதுக்கு முந்தின வாரமும் நீ அதே கூண்டுலதானே கேட்ட?”

“ஆமா, அதுக்கென்ன?”

“அன்னிக்கு எப்படி வெளிய வந்த?”

கிளெனிஸ் முகம் சிவந்தது. “நீ தள்ளு தள்ளுன்ன, தள்ளினேன்! இழுக்கச் சொன்னியா?”

“அடிப்பாவி!” என்று மால்கம் மேசையில் குத்தினான். நாலு கிளாஸ் ஒரே நேரத்தில் கவிழ்ந்தது. “தொடாதே அவளை!” என்று நெவில் எழுந்தான். அதற்குள் கிளெனிஸின் கைப்பை மால்கமின் தலையை நோக்கிப் புறப்பட்டுவிட்டது.