மகனுடைய ஹார்ட் டிஸ்க்

புயல் வந்த வருடம் என் மகன் இறந்தான். புயலில் இல்லை. அதற்குப் பின்னால் வந்த மழையில், காய்ச்சலில், நாலே நாளில். இருபத்து மூன்று வயது. அவன் போய் இரண்டு மாதத்தில் அவனுடைய கணினி டக் டக்கென்று சத்தம் போட ஆரம்பித்தது.

பர்மாவில், பசுந்தாங் பேட்டையில் கணினி பழுது பார்க்கும் கடை வைத்திருந்தேன். அந்தச் சத்தம் எனக்குப் பழக்கம்தான். ஹார்ட் டிஸ்க் சாகப் போகிறது என்று அர்த்தம். கடைக்கு வருகிறவர்களிடம், வேறு இடத்தில் ஒரு நகல் எடுத்து வைக்கத் தெரியாதா என்று எத்தனையோ முறை எரிந்து விழுந்திருக்கிறேன். என் வீட்டுக் கணினிக்கு நான் எடுத்து வைக்கவில்லை. வாத்தியார் பிள்ளை மக்கு, வைத்தியன் பிள்ளை சீக்கு.

அந்த டிஸ்க்கில்தான் என் அப்பாவின் பதிவுக் காகிதங்கள் இருந்தன. தாகேதாவில் எங்கள் வீட்டுக் கூரையைப் புயல் தூக்கியபோது தகரப் பெட்டிக்குள் தண்ணீர் இறங்கி, அசல் எல்லாம் கூழாகிவிட்டது. போட்டோ ஆல்பமும் அதே பெட்டிக்குள்தான் இருந்தது. கணினி அன்று கடையில் இருந்ததால் தப்பியது. காகிதங்களை மட்டும் மகன் முந்தின வருடமே ஸ்கேன் செய்து வைத்திருந்தான். புயல் வந்த வருடம்தான் மகளுக்குப் பதினெட்டு முடிந்திருந்தது. தாத்தா இந்த நாட்டில்தான் இருந்தார் என்று காட்டாமல் எங்களைப் போன்ற தமிழர்களின் பிள்ளைகளுக்குக் குடியுரிமை அட்டை கிடையாது. அட்டை இல்லாமல் பாஸ்போர்ட் கிடையாது. சிங்கப்பூரில் ஒரு கடையில் அவளுக்கு வேலை சொல்லி வைத்திருந்தார்கள். அசலைப் புயலில் விட்டவர்கள் நகலையாவது மாதக் கடைசிக்குள் கொண்டுவந்தால் பார்க்கலாம் என்று அட்டை கொடுக்கும் அலுவலகத்தில் ஒருவர் இரக்கப்பட்டுச் சொல்லியிருந்தார்.

காகிதங்களோடு மகன் எடுத்த போட்டோக்களும் அதில் இருந்தன. யாரோ விற்ற பழைய கேமராவை வாங்கி ஒரு வருடம் எதையாவது எடுத்துக்கொண்டே இருந்தான். நாங்கள் யாரும் பார்த்ததில்லை. வீட்டில் மாலை போட்டு வைத்திருந்தது பள்ளிக்கூடத்துக்காக எடுத்த படம். அதில் முறைத்துக்கொண்டிருப்பான்.

டிஸ்க்கைக் கழற்றிக்கொண்டு கிளம்பிய காலையில் என் மனைவி, "புள்ள சிரிச்ச மாதிரி ஒண்ணு கெடச்சாப் போதுங்க" என்றாள். மகள், "தாத்தா பேப்பர் வந்துருமாப்பா?" என்றாள். இரண்டு பேருக்கும் சேர்த்து "வரும்" என்றேன். அந்த நாட்களில் வரும், சரி, ஆகட்டும் என்ற மூன்று வார்த்தைகளிலேயே காலத்தை ஓட்டினேன். துக்கம் என்றுகூடச் சொல்ல முடியாது. பல் பிடுங்க ஊசி போட்ட தாடை மாதிரி இருந்தது உள்ளே.

சாகப் போகிற டிஸ்க்கில் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது. முதலிலிருந்து கடைசி வரை அப்படியே புது டிஸ்க்குக்கு ஏற்ற வேண்டும். குளோன் என்பது அதைத்தான். நடுவில் சூடானால் மயங்கிவிடும். அதனால் மீன் மார்க்கெட்டுக்குப் போகிற ஐஸ் வண்டியை நிறுத்தி ஒரு துண்டு வாங்கினேன். மகனுக்குக் காய்ச்சல் கொதித்தபோதும் அந்த வண்டியில்தான் வாங்கினேன். "ஊலே, பையனுக்கு இப்ப எப்படி இருக்கு?" என்று மாமா முறை வைத்து வண்டிக்காரர் பர்மிய மொழியில் கேட்டார். பரவாயில்லை என்று சொல்லிவிட்டு ஐஸை வாங்கிக்கொண்டு வந்தேன்.

டிஸ்க்கை இரண்டு பாலிதீன் பைக்குள் போட்டு, தட்டில் ஐஸ் மேல் வைத்து, குளோனை ஓட விட்டேன். மதியம் எங்கள் வட்டாரத்துக்கு மின்சாரம் விடுகிற முறை முடிந்து கரண்ட் போனது. அடுத்த கடை ஜெனரேட்டரிலிருந்து ஒயர் இழுத்துத் தொடர்ந்தேன். பதினாலு சதவீதத்தில் டக் டக்கென்று அடித்துக்கொண்டு நின்றுவிட்டது. ஒரு மணி நேரம் ஆறப் போட்டேன். இனி எழுந்தால் அது கடைசித் தடவை என்று தெரியும்.

அந்தக் கட்டத்தில் குளோனை விட்டுவிட்டு, முக்கியமானதை மட்டும் கையால் எடுக்க வேண்டும். எது முதலில் என்று வாடிக்கையாளர்கள் திகைப்பார்கள். நான் திகைத்ததே இல்லை. "பேப்பர் மொதல்ல, போட்டோ அப்புறம். போட்டோ சோறு போடாது" என்று சொல்லிவிடுவேன். ஊருக்குத்தான் உபதேசம்.

டிஸ்க் எழுந்தது. திரையில் இரண்டு ஃபோல்டர்களும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. காகிதங்களின் ஃபோல்டர் சின்னது, ஒரு நிமிடத்தில் வந்திருக்கும். கை தவறிவிட்டது என்று பிறகு பல பேரிடம் சொன்னேன். தவறவில்லை. எது எதென்று பார்த்துத்தான் போட்டோவை இழுத்துப் போட்டேன். மகளை நினைக்காமல் இல்லை. அவள் உயிரோடு வீட்டில் இருக்கிறாள், அவளுக்கு இன்னொரு நாள் இருக்கும் என்று நினைத்தேன். வெட்கக்கேடுதான், வேறென்ன.

இருபது நிமிடத்தில் போட்டோ முழுக்க வந்து சேர்ந்தது. காகித ஃபோல்டரைத் தொட்டபோது டிஸ்க் இரண்டு முறை அடித்தது. பிறகு அதில் ஒரு சத்தமும் இல்லை. இன்னும் ஐஸ் வாங்கி வைத்துப் பார்த்தேன், தட்டிப் பார்த்தேன், மூன்று மணி நேரம் அதோடு உட்கார்ந்திருந்தேன். அசையவில்லை. மேசையில் வழிந்த தண்ணீரைத் துடைத்துவிட்டுக் கடையைச் சாத்தினேன். அழுகை வரவில்லை.

சாயங்காலம் வீட்டில் புது டிஸ்க்கை மாட்டினேன். மூன்று பேரும் கணினி முன்னால் உட்கார்ந்தோம். முதல் படத்தில் மகள் பஸ் ஜன்னலோரம் தூங்கிக்கொண்டிருந்தாள், வாய் திறந்திருந்தது. அடுத்ததில் கன்னத்தில் தனகாப் பட்டையை அரைத்துப் பூசிக்கொண்டு கண்ணாடி பார்த்தாள். பாலத்தின் மேல் காற்றில் மடங்கிப்போன குடையோடு நின்றாள். எடுக்காதே என்று கையை நீட்டி மறைத்தாள். மனைவி "அடுத்தது, அடுத்தது" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். கேமராவைப் பிடித்தவன் படத்துக்குள் எப்படி வருவான்? இத்தனை வருடம் ஊரார் படங்களை மீட்டுக் கொடுத்தவனுக்கு அது தோன்றவில்லை.

ஒரு படத்தின் ஓரத்தில் அவன் விரல் மங்கலாக விழுந்திருந்தது. மனைவி எழுந்து போய்த் திரையில் அந்த இடத்தைத் தொட்டுக்கொண்டு நின்றாள். நான் அடுத்த படத்துக்குப் போகவில்லை.

மகள் மெதுவாகக் கேட்டாள். "பேப்பர் வந்துச்சாப்பா?"

"வரல."

"எதை மொதல்ல எடுத்தீங்க?"

"அண்ணனை."

அவள் திரையைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். கோபம் இருந்த மாதிரி தெரியவில்லை.

"இது பூரா நான்தானப்பா இருக்கேன்" என்றாள்.

மாதக் கடைசியில் அந்தச் சிங்கப்பூர்க் கடைக்கு வேறொரு பெண் போனாள்.