லோக்கலா என்று கேட்டால்

எங்கள் பக்கத்துக் கம்பெனி கேட்டில் முதலில் பெயரைக் கேட்க மாட்டார்கள். "லோக்கலா?" என்றுதான் கேட்பார்கள். ஆமாம் என்றால் அதோடு சரி. ஆள் ஃபுல் என்று சொல்லிவிடுவார்கள். பின்னால் நிற்கிற வெளியூர்க்காரன் உள்ளே போவான்.

லோக்கல் ஆள் சாவுக்கு லீவு போடுவான், திருவிழாவுக்கு லீவு போடுவான். மெஷினில் கை போனால் ஊரே வந்து கேட்டில் நிற்கும். அதனால் வேண்டாம். கும்மிடிப்பூண்டியில் நான் ரோலிங் மில்லில் சேர்ந்ததே பெரம்பூர்க்காரன் என்று சொல்லித்தான். பெரம்பூரில் என் மச்சினிச்சி வீடு இருக்கிறது. என் ஊர் ஆரம்பாக்கம். ரயிலில் சூப்பர்வைசரைப் பார்த்தால் அடுத்த பெட்டிக்கு மாறிவிடுவேன். எந்த ஸ்டேஷனில் இறங்குகிறேன் என்று அவருக்குத் தெரியக் கூடாது.

என் மகள் பி.காம் முடித்தாள். ஒரு பேங்கில் டிரெயினி வேலைக்குத் திருவள்ளூரில் ஆள் எடுக்கிறார்கள், நாள் முழுக்கப் பரீட்சை இருக்கும் என்று போன் வந்தது. பேசிய பெண் அவளை வாங்க, போங்க என்றாள். எங்கள் வீட்டில் யாரையும் அப்படி யாரும் கூப்பிட்டதில்லை. அதுவே எனக்குப் பிடிக்கவில்லை. டிரெயினி என்ற சொல்லும் பிடிக்கவில்லை. மில்லில் டிரெயினி என்று எடுப்பார்கள். வேலை பழகியதும் அனுப்பிவிட்டு வேறு டிரெயினி எடுப்பார்கள். லீவு போட்டுவிட்டு நானும் கூடப் போனேன்.

பஸ்ஸில் அவளிடம் சொன்னேன்.

"எந்த ஊருன்னு கேட்டா பெரம்பூருன்னு சொல்லு."

"ஆதார்ல ஆரம்பாக்கம்னு கீதே நைனா."

"அது பழசுன்னு சொல்லு. சித்தி ஊட்ல கீறேன்னு சொல்லு."

"இது பேங்க்கு நைனா. உன் மில்லு இல்ல."

"எல்லா கேட்டும் ஒண்ணுதான்."

பெரியபாளையம் வரை ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு வந்தாள். அப்புறம் "சரி" என்றாள். அவளுக்கு அந்த வேலை வேண்டும். கிடைக்காவிட்டால் மில்லுக்குப் பக்கத்துப் பேக்கிங் கம்பெனிதான். அதுவும் பெரம்பூர் என்று சொன்னால்தான்.

கல்யாண மண்டபத்து மாடியில் பரீட்சை வைத்திருந்தார்கள். கூட வந்தவர்களுக்கும் நாற்காலி, தண்ணீர் பாட்டில், சமோசா. எதற்கு என்று புரியவில்லை. நான் தொடவில்லை. பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்திருந்தார். காக்களூரில் லேத்துப் பட்டறை வேலையாம், அவர் பையனும் உள்ளே இருக்கிறானாம். தன் சமோசாவைத் தின்றுவிட்டு என்னுடையதைப் பார்த்தார்.

"துன்னு தலைவா. மயக்க மருந்தா வெச்சிக்கீறான்?"

"சும்மா எதுக்குக் குடுக்கிறான்?"

"சும்மாவா? நீ எழுந்து போறதுக்குள்ள உன் பேர்ல ஒரு அக்கவுண்ட் தொறந்துடுவான் பாரு."

என்னுடையதையும் அவரே தின்றார்.

கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். முதலில் கம்ப்யூட்டர் பரீட்சை. அப்புறம் வட்டமாக உட்கார வைத்துப் பேச விட்டார்கள். அப்புறம் ஒரு ஆபீசர் ஊர்க்காரன் மாதிரி நடிக்க, அவனைப் பேசி அக்கவுண்ட் தொடங்க வைக்க வேண்டும். என் மகள் கையை ஆட்டிப் பேசினாள். அந்த ஆள் சிரித்தான். சிரிக்க வைத்து ஏமாற்றுவதைத்தான் சொல்லித் தருகிறார்களோ என்று நினைத்தேன்.

டீக்கு விட்டபோது வெளியே வந்தாள். முகம் செத்துப் போயிருந்தது.

"கெட்டுச்சு நைனா."

"இன்னா?"

"காலைல ஊரு கேட்டாங்க, பெரம்பூருன்னுட்டேன். இப்ப ஆளு எடுக்கற மேடம் சொல்றாங்க, ஆரம்பாக்கம், எளாவூர் பக்கம் போட லோக்கல் ஆளுதான் வேணுமாம். தெலுங்கு தெரிஞ்சா இன்னும் நல்லதாம். யாராவது கீறீங்களான்னு கேட்டாங்க. நான் கை தூக்கல."

"தூக்காதது நல்லது."

"இன்னா நைனா பேசற?"

"அப்டித்தான் கேப்பாங்க. லோக்கலுக்குத் தனி வேலை கீது, கை தூக்குன்னு மில்லுலயும் கேட்டாங்க. தூக்குனவனெல்லாம் சாயங்காலமே வெளிய."

"எளாவூர்ப் பொண்ணு ஒண்ணு தூக்குச்சு. அதை மட்டும் மேடம் பக்கத்துல உக்கார வெச்சிக்கினு பேசறாங்க."

"பேசட்டும். கடைசில பாரு."

காக்களூர்க்காரர் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறார். "பொண்ணுக்கு ஊரையே மாத்திட்டியா தலைவா? ஏன் சும்மா பேஜாரு பண்ற?" என்றார். மகள் டீயைக் குடிக்காமல் வைத்துவிட்டு உள்ளே போனாள்.

மத்தியானத்துக்கு மேல் தனித்தனியாகக் கூப்பிட்டார்கள். பெண்பிள்ளைகள் என்றால் கூட வந்தவரையும் கூப்பிட்டார்கள். மேஜைக்கு அந்தப் பக்கம் அந்த மேடம். என்னைவிடச் சின்ன வயது.

"உட்காருங்க சார். பெரம்பூர்ல இருந்து தினமும் அவ்ளோ தூரம் அனுப்புவீங்களா?"

அவர் கைக்குக் கீழே ஆதார் ஜெராக்ஸ் இருந்தது. ஊர் தெரிந்துதான் கேட்கிறார். நான் என்ன சொல்கிறேன் என்று பார்க்கிறார். கேட்டில் நின்றுகொண்டு பொய் சொல்லிப் பழக்கம். நாற்காலியில் உட்கார்ந்து வரவில்லை.

"மேடம், லோக்கல்னா எடுப்பீங்களா, கழிப்பீங்களா? அத மொதல்ல சொல்லுங்க."

அவருக்குப் புரியவில்லை. மகளுக்குப் புரிந்தது.

"மேடம், எங்க ஊரு ஆரம்பாக்கம்தான். நைனாதான் பெரம்பூருன்னு சொல்லச் சொன்னாரு. அவரு மில்லுல லோக்கல்னா சேக்க மாட்டாங்க. அந்த பயம் அவருக்கு."

பயம் என்றது எனக்குப் பிடிக்கவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை.

"அப்போ காலைல சொன்னது பொய்."

"ஆமா மேடம்."

மேடம் ஆதார் ஜெராக்ஸைக் கவிழ்த்து வைத்தார். வேலை போயிற்று, நான்தான் போக்கினேன் என்று தெரிந்தது. அப்புறம் தெலுங்கு வருமா என்று தெலுங்கிலேயே கேட்டார். மகள் தெலுங்கில் பதில் சொன்னாள். வீட்டில் பேச மாட்டோம், தெருவில் பேசுவோம். பக்கத்து வீட்டுக்காரம்மா அக்கவுண்ட் வேண்டாம் என்றால் என்ன செய்வாய் என்று கேட்டார்.

மகள் சொன்னது எனக்கும் புரிந்தது. "நான் கேட்டா அவங்க வேணாம்னு சொல்ல மாட்டாங்க மேடம். அவங்க ஊட்ல சோறு துன்னு வளந்தவ நான்."

அதற்குத்தான் மேடம் தலையை நிமிர்த்தினார். காலையிலிருந்து யார் சொன்னதற்கும் அப்படி முகம் மலர்ந்து நான் பார்க்கவில்லை. சமோசா எதற்கு, சார் எதற்கு, எல்லாம் அப்போது விளங்கியது. எங்கள் பின்னால் ஊர் வரும் என்று மில்லு எங்களைத் தள்ளுகிறது. ஊர் வரும் என்றுதான் பேங்க் கூப்பிடுகிறது.

"கடன் வசூலுக்கும் இவதான் போவணுமா?" என்று கேட்டேன்.

"டீமா போவாங்க சார்."

அதற்கு ஆமாம் என்று அர்த்தம், எனக்குத் தெரியும்.

"பொய் சொன்னதை நான் மறக்கல," என்று மகளிடம் சொன்னார். என் பக்கம் திரும்பினார். "ஆனா ஊருக்குள்ள போறதுக்கு இவங்க சரியா இருப்பாங்க. அனுப்புவீங்களா சார்?"

மகள் என்னைப் பார்த்தாள். பஸ்ஸில் பார்க்காதவள் இப்போது பார்த்தாள். வேண்டாம் என்று சொல்லத்தான் வாய் வந்தது. பேக்கிங் கம்பெனி கேட் ஞாபகம் வந்தது. அங்கே இவளும் பெரம்பூர் என்று சொல்லிக்கொண்டு, ரயிலில் பெட்டி மாறிக்கொண்டு நிற்பாள்.

"அனுப்பறேன். ஊரு ஆரம்பாக்கம்னே எழுதிக்கங்க."

வேலைக்கு எடுத்துக்கொண்டார்கள். டிரெயினிதான். இப்போது காலையில் பேங்க் பையை மாட்டிக்கொண்டு எங்கள் தெருவிலேயே முதலில் போகிறாள். முதல் வீடு பக்கத்து வீடு. "வா கண்ணு, நாஷ்டா துன்னியா?" என்று அந்த அம்மா கதவைத் திறக்கிறாள். ஷிப்டுக்குக் கிளம்புகிறவன் செருப்பை மாட்டுகிற மாதிரி நின்றுகொண்டு நான் அந்தக் கதவைப் பார்க்கிறேன். வசூலுக்கு இன்னும் போகவில்லை. இதுவரை திறக்கிறது.